விசுவாசமும் விலையும்: ஆங்கில உதைபந்தாட்டக் கழகங்களின் நுழைவுச்சீட்டுப் பங்கீடு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டைப் பற்றி எழுதுவது ஆராய்ச்சியாளனின் வேலையன்று என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றியே இருக்கிறது. திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியவாதி சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 ஆம் ஆண்டிலேயே துடுப்பாட்டத்தினூடாகக் குடியேற்ற ஆட்சியையும் வர்க்கத்தையும் இனத்தையும் ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். ஆயினும் தமிழில் விளையாட்டு பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தைத் தாண்டி வந்ததில்லை. இக்கட்டுரைப் பொருளைக் கேள்வியுற்ற நண்பரொருவர், "உமக்கு வேறு வேலையில்லையா?" என நகைத்தார். அவருக்கு விடையாகவும் இது அமையக்கூடும்.

எடுத்துக்கொண்ட பிரச்சினை தோற்றத்தில் மிகவும் சிறியது. இங்கிலாந்தின் பெரிய உதைபந்தாட்டக் கழகமொன்றின் அரங்கில் அறுபதினாயிரம் இருக்கைகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை விரும்புவோர் அதனிலும் பன்மடங்கினர். எவருக்கு இடம் கொடுப்பது? கூடுதலான பணம் தருபவருக்கா, முதலில் வந்து வரிசையில் நின்றவருக்கா, குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கா, நெடுங்காலம் கழகத்தைப் பின்தொடர்ந்தவருக்கா? இக்கேள்விக்குக் கழகங்கள் பல கண்டுள்ள விடையே 'விசுவாசப் புள்ளி' முறையாகும். அங்கத்தவரொருவர் பார்க்கும் ஒவ்வொரு போட்டிக்கும் அவரது கணக்கிலே புள்ளி சேர்கிறது. வெளியூர்ப் போட்டிக்கோ கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கோ சீட்டுக்குத் தட்டுப்பாடு ஏற்படுங்கால், கூடிய புள்ளி பெற்றோர் முதலிலும் ஏனையோர் படிப்படியாகப் பின்னரும் வாங்க அனுமதிக்கப்படுகின்றனர். விசுவாசத்துக்குப் பரிசு என்று கழகங்கள் இதனை வருணிக்கின்றன. அப்பரிசின் நீதியையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

விளையாட்டின் சமூகத் தோற்றத்தை மறந்துவிட்டு இதனை விளங்கிக்கொள்ளல் இயலாது. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியுடன் வேலையை நிறுத்தியது. அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மெல்ல ஏனைய தொழில்களுக்கும் பரவியமையாலேயே சனி பிற்பகற் போட்டி சாத்தியமாயிற்று. 1878 இல் லங்காஷயர் - யோர்க்ஷயர் புகையிரதக் கம்பனியின் தொழிலாளர் தோற்றுவித்த நியூற்றன் ஹீத் கழகமே பின்னர் மான்செஸ்ரர் யுனைற்றட் ஆயிற்று. 1886 இல் வூலிச் ஆயுதசாலைத் தொழிலாளர் ஆரம்பித்ததே ஆர்செனல். 1888 இல் பன்னிரு கழகங்களுடன் லீக் தொடங்கியபோது ஆலைப் பட்டணங்களின் உழைப்பாளிகள் வாயிலிலே சில்லறையைக் கொடுத்துவிட்டு உள்ளே சென்று நின்று பார்த்தனர். கழகங்களின் பங்குகள் பெரும்பாலும் உள்ளூர் வணிகரிடமும் ஆலை உடைமையாளரிடமும் இருந்தன என்பது உண்மையே. எனினும் கழகம் 'எங்களுடையது' என்னும் உணர்வு பங்குப் பத்திரத்தில் எழுதப்படாத உரிமையொன்றைத் தோற்றுவித்தது. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1971 இல் எழுதிய கட்டுரையொன்றில், பதினெட்டாம் நூற்றாண்டின் தானியக் கலகக்காரர் நியாய விலை பற்றிய மரபுவழி நம்பிக்கையொன்றினால் இயக்கப்பட்டனர் எனக் காட்டி அதனை 'அறநெறிப் பொருளாதாரம்' என்றார். உதைபந்தாட்டப் பார்வையாளரின் உரிமையுணர்வையும் அவ்வகையினதாகவே நாம் கருதுகிறோம்.

வாயிலில் நேரே பணம் கொடுத்து நுழையும் முறைக்கு முதலில் பெருந்தடை நேர்ந்தது 1923 ஏப்பிரல் 28 ஆந் திகதி புதிய வெம்பிளி அரங்கிலே போல்ரன் கழகத்துக்கும் வெஸ்ற் ஹாம் கழகத்துக்கும் நடந்த கிண்ண இறுதிப் போட்டியிலாகும். உத்தியோகபூர்வமான கணக்கு 126,047 பேர் என்கிறது. உண்மையில் உள்ளே புகுந்தோர் இரண்டு இலட்சத்தையும் தாண்டியிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. கூட்டம் ஆடுகளத்தில் வழிந்து நிற்க, வெண்குதிரையொன்றின் மீது வந்த பொலிஸ்காரர் அதனை ஒதுக்கிய காட்சி பலரும் அறிந்தது. அதன் பின்னர் இறுதிப் போட்டிகளுக்கு முன்கூட்டியே சீட்டு விற்கப்பட்டது. முன்கூட்டி விற்பதெனில் எவருக்கு விற்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். பங்கீடு ஒரு பிரச்சினையாக உருப்பெற்றது இவ்வாறுதான்.

1960 களிலும் அதனை அடுத்தும் கழகங்கள் கையாண்ட வழி சுவையானது. போட்டி நாளில் விற்கப்படும் நிகழ்ச்சிநிரற் புத்தகத்தில் சிறிய அடையாளச் சீட்டொன்று அச்சிடப்பட்டது. இரசிகர் அதனைக் கத்தரித்துத் தாளொன்றில் ஒட்டிச் சேர்த்து வந்தனர். கிண்ணப் போட்டியில் அணி முன்னேறியதும், குறித்த தொகைச் சீட்டுகள் ஒட்டிய தாளைக் காட்டியவர்களுக்கே நுழைவுச்சீட்டு. இரண்டாந்தர அணியின் ஆட்டங்களிலும் இச்சீட்டு வழங்கப்பட்டதுண்டு. அப்பொழுது எவருக்கும் அக்கறையில்லாத அந்த ஆட்டங்களுக்கு, ஆட்டத்தைப் பாராமலே சீட்டைப் பெற்றுச் செல்வதற்கெனப் பலர் வந்தனர். இவ்வேடிக்கையில் ஆழ்ந்த உண்மையொன்று பொதிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. விசுவாசத்தை அளப்பதற்கென ஏற்படுத்தப்பட்ட அடையாளம் தானே ஒரு பண்டமாகி, அதன் பொருட்டே நாடப்படலாயிற்று. அன்றியும் அச்சீட்டு அளந்தது வருகையையன்று, புத்தகத்தை வாங்கியமையையே. வாங்கியதை வருகையாகவும் வருகையை விசுவாசமாகவும் கொள்ளும் இவ்விரட்டைப் பாய்ச்சல் இன்றைய மின்கணனிப் புள்ளிகளிலும் அப்படியே தொடர்கிறது.

அடையாளச் சீட்டைக் குறிப்பிடும்போது மார்க்சியம் பயின்றோருக்கு 1875 இல் எழுதப்பட்ட 'கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனம்' நினைவுக்கு வராதிராது. முதலாளித்துவத்தின் வயிற்றிலிருந்து அப்பொழுதே வெளிவந்த சமுதாயத்தில், தொழிலாளி இவ்வளவு உழைத்தான் என்னும் சான்றுச்சீட்டைப் பெற்று, பொதுக் களஞ்சியத்திலிருந்து அதற்கீடானதை எடுத்துக்கொள்வான் என்று மார்க்ஸ் அங்கு கூறுகிறார். உடனேயே இதன் குறையையும் எடுத்துக்காட்டுகிறார். ஒருவன் மற்றவனிலும் வலியவன். ஒருவனுக்குப் பிள்ளைகள் உண்டு, மற்றவனுக்கு இல்லை. சமமற்ற மனிதருக்குச் சமமான அளவுகோலைப் பிரயோகிக்கும்போது சம உரிமையே சமமின்மைக்கான உரிமையாகிவிடுகிறது. விசுவாசப் புள்ளி முறை பற்றி இதுவரை கூறப்பட்ட விமர்சனங்களுள் இதனிலும் கூர்மையானதை நாம் கண்டிலோம்; அது அம்முறை தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்பதே விந்தை.

வெளியூர்ப் போட்டியை எடுத்துக்கொள்வோம். பிறீமியர் லீக்கிலே வருகைதரும் கழகத்துக்குக் கிடைப்பது 3,000 சீட்டுகள். சிறிய அரங்காயின் கொள்ளளவிற் பத்திலொரு பங்கு. நியூகாசிலிலிருந்து போர்ன்மத் செல்பவர் ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 350 மைல் பயணம் செய்ய வேண்டும். தொலைக்காட்சி ஒளிபரப்பின் பொருட்டு ஆட்டம் ஞாயிறு மாலைக்கோ திங்கள் இரவுக்கோ மாற்றப்பட்டால், ஆட்டம் முடியுமுன் கடைசிப் புகையிரதம் போய்விடும். மறுநாள் விடுப்பெடுக்கக்கூடிய உத்தியோகத்தர் புள்ளியைப் பெறுவார். இரவுமுறை வேலை செய்யும் தாதிக்கும் கைக்குழந்தையுள்ள தாய்க்கும் வயோதிபப் பெற்றோரைப் பராமரிப்பவருக்கும் அது கிட்டாது. இவர்களுள் எவரது பற்று உறுதியானது என்பதைப் புள்ளி சொல்லாது. ஓய்வு நேரமும் பயணச் செலவும் எவரிடம் உண்டு என்பதையே அது சொல்கிறது. மார்க்ஸின் சான்றுச்சீட்டாவது உழைப்பைக் கொடுத்துப் பெறப்பட்டது. இதுவோ பணத்தைக் கொடுத்துப் பெறப்படுவது. சந்தையை வாயிலால் வெளியேற்றிவிட்டதாகக் கூறிக்கொண்டு சாளரத்தைத் திறந்து வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும்.

புதியோரின் நிலை இன்னும் இக்கட்டானது. புள்ளி இருந்தாற்றான் சீட்டு. சீட்டு இருந்தாற்றான் புள்ளி. இந்த வட்டத்துக்குள் இன்றைய இளைஞன் எவ்வாறு நுழைவான்? ஏற்கெனவே உள்ளே இருப்பவரது அட்டையை இரவல் வாங்கி, அவர் பெயரில் சென்று, அவரது கணக்குக்கே மேலும் புள்ளி சேர்த்துக் கொடுப்பதே அவனுக்குத் திறந்திருந்த ஒரேயொரு வழி. இவ்வாறு சிலர் தம் இருக்கையை விட்டு எழாமலே விசுவாசிகளாக வளர்ந்தனர். குத்தகைக் குடியானவனின் வியர்வையில் நிலக்கிழானின் பெயர் விளங்குவதை இது நினைவூட்டுகிறது. கழகங்கள் இதனைத் தடுக்கக் கைத்தொலைபேசிச் சீட்டையும் வாயிலில் அடையாளச் சோதனையையும் புகுத்தின. இரவல் கொடுப்பது ஓரளவு குறைந்திருக்கலாம். ஆனால் அதனுடன், பேரனுக்கும் அயலவருக்கும் ஒரு நாளைக்குத் தன் சீட்டைக் கொடுக்கும் பழைய பரிவும் குற்றமாகக் கருதப்படலாயிற்று; கைத்தொலைபேசியைக் கையாளத் தெரியாத முதியோர் வாயிலிலே தடுமாறுகின்றனர்.

இவ்விடத்தில் 1989 ஆம் ஆண்டினைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். அவ்வாண்டு ஏப்பிரல் 15 ஆந் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் கழகத்தின் இரசிகர் நெரிசலில் நசுங்கினர். அச்சம்பவத்தினால் உயிரிழந்தோர் 97 பேர். அவர்களுள் இறுதியானவர் அன்றுற்ற காயங்களின் விளைவாக 2021 இல் இறந்தார். பழி முதலில் இரசிகர் மீது சுமத்தப்பட்டது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகரின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் மரண விசாரணைச் சபை தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உதைபந்தாட்ட இரசிகரைக் காவற்றுறையின் பிரச்சினையாகவே கண்ட தட்சர் அரசாங்கம், அரங்குக்குள் நுழைவோர் யாவரும் தேசிய அங்கத்துவ அட்டை வைத்திருக்க வேண்டுமென்னும் திட்டத்தை 1989 ஆம் ஆண்டுச் சட்டத்திற் சேர்த்தது. இரசிகர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1990 சனவரியில் வெளியான ரெய்லர் நீதியரசரின் இறுதி அறிக்கையும் அதனை ஆதரிக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் இன்றைய நிலை யாது? பெரிய கழகங்களின் இரசிகர் ஒவ்வொருவருக்கும் அங்கத்துவ இலக்கம் உண்டு. அவர் எந்நாளில் எந்த வாயிலால் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்பது பதியப்படுகிறது. இதற்கென ஆண்டுதோறும் சந்தாவும் கட்டுகிறார். அச்சந்தா சீட்டைத் தருவதில்லை, சீட்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. அரசு ஆணையாக விதிக்க முனைந்தபோது மக்கள் மறுத்ததை, வணிகம் வெகுமதி என்னும் பெயரில் விரும்பியேற்கச் செய்துவிட்டது. விசுவாசப் புள்ளியின் மெய்யான வரலாற்றுப் பணி இதுவெனவே நாம் கருதுகிறோம். பங்கீட்டு நீதி பற்றிய வாதங்களில் இது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

அதே ரெய்லர் அறிக்கையின் மற்றொரு விளைவும் உண்டு. உயர் பிரிவுகளின் அரங்குகள் யாவும் இருக்கை மயமாக வேண்டுமென்று அது விதந்துரைத்தது. நின்று பார்த்தோரின் கைக்கெட்டிய விலையிலேயே இருக்கைகளும் அமையலாம் என்பது நீதியரசரின் எதிர்பார்ப்பு. கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் அரங்கில் இருக்கைக்கு 6 பவுண், நிற்க 4 பவுண் என்பதை அவர் உதாரணங் காட்டினார். கழகங்கள் முதற் பகுதியை ஏற்றன, இரண்டாவதை மறந்தன. லிவர்பூலின் புகழ்பெற்ற 'கொப்' மேடையில் ஒருகாலத்தில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்றனர். 1994 இல் இருக்கைகள் பொருத்தப்பட்டபின் அங்கு இடம்பெறுவோர் ஏறத்தாழப் பன்னீராயிரவர். 1983 இல் ரொட்டென்ஹாம் கழகம், இலாபப்பங்கைக் கட்டுப்படுத்திய சங்க விதியைத் தாய்க் கம்பனியொன்றின் மூலம் கடந்து பங்குச் சந்தையில் நுழைந்திருந்தது. 1992 இல் பிறீமியர் லீக் தோன்றிற்று. தட்டுப்பாடு இயற்கையானதன்று, வரலாற்றில் உருவாக்கப்பட்டது என்பதை இவை உணர்த்தும்.

'விசுவாசம்' என்னும் சொல்லையும் இலக்கிய மாணவர் என்ற வகையில் நாம் சற்றுத் தட்டிப்பார்க்க வேண்டும். நமது வீரயுக மரபில் விசுவாசம் செஞ்சோற்றுக் கடனாகவே விளங்கிற்று. தலைவன் சோறிட்டான், உண்டவன் உயிரைக் கொடுத்தான். கன்னனின் கதை அதன் உச்சம். அவ்வுறவு ஏற்றத்தாழ்வானதே, எனினும் கடன் எவர் பக்கத்தது என்பதில் மயக்கமிருக்கவில்லை. கழகத்தின் நிலைமையோ தலைகீழானது. சோறிடுபவர் இரசிகர், உண்பது கழகம்; ஆயினும் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டியவரும் இரசிகரே. கழகம் தன் விசுவாசத்தை எவ்வேட்டிலும் பதிவதில்லை. 2021 ஏப்பிரலில் ஆறு ஆங்கிலக் கழகங்கள் இரசிகரைக் கலந்துகொள்ளாமலே ஐரோப்பிய 'சுப்பர் லீக்'கிற் சேர்ந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலே பின்வாங்கியபோது, அவற்றுக்கு எத்தனை புள்ளி வெட்டப்பட வேண்டுமென்று கேட்கத் தோன்றுகிறது.

பொருளியலாளர் அல்பேட் ஹேர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட நூலில், நிறுவனமொன்று சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோருக்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் என இரு வழிகள் உண்டு என்றும், விசுவாசம் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வலுவூட்டுகிறது என்றும் விளக்கினார். புள்ளி முறை இதனைத் திரித்துவிடுகிறது. பல்லாண்டு சேர்த்த புள்ளி, வெளியேறுபவர் இழக்க வேண்டிய பிணைப்பணமாகிறது. 2005 இல் கிளேசர் குடும்பம் கடன் பெற்று மான்செஸ்ரர் யுனைற்றட்டை வாங்கி அக்கடனைக் கழகத்தின் மீதே சுமத்தியபோது, மனங்கசந்த இரசிகர் ஒரு பகுதியினர் எப்.சி. யுனைற்றட் என்னும் சொந்தக் கழகத்தைத் தொடங்கினர். அவ்வாறு சென்றோர் ஒரு தலைமுறையின் முன்னுரிமையைத் துறந்தே சென்றனர். எஞ்சியோர் அனைவரும் உடன்பட்டே தங்கினர் எனக் கருதுவது தவறாகும்.

எனினும் குரல் முற்றாக அடங்கிவிடவில்லை. 2016 பெப்ரவரி 6 ஆந் திகதி, புதிய மேடையின் சில இருக்கைகளுக்கு 77 பவுண் விதிக்கப்பட்டதை எதிர்த்து, லிவர்பூல் இரசிகர் ஆயிரக்கணக்கில் ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். அப்பொழுது 2-0 என முன்னணியில் நின்ற அணி 2-2 எனச் சமநிலையில் முடித்தது. சில நாட்களில் உரிமையாளர் விலையை மீளப்பெற்றனர். அதே ஆண்டு இரசிகர் அமைப்புகளின் நீண்ட போராட்டத்தின் பயனாக வெளியூர்ச் சீட்டின் உச்சவிலை 30 பவுண் என வரையறுக்கப்பட்டது. இவ்வெற்றியே புள்ளிப் பிரச்சினையைக் கூர்மையாக்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. விலை எல்லோருக்கும் ஒன்றானபின், யார் போவது என்பதைப் புள்ளி மட்டுமே தீர்மானிக்கிறது.

அவ்வாறாயின் புள்ளி முறையை ஒழித்துவிடலாமா? நாம் அவ்வாறு கூறோம். சில தாராளவாதப் பொருளியலாளர், சீட்டை ஏலத்தில் விடுவதே நேர்மையானது, அப்பொழுது கறுப்புச் சந்தை தானே அழியும் என்பர். கறுப்புச் சந்தையை வெள்ளையாக்கும் இவ்யோசனையைவிடப் புள்ளி முறை எவ்வளவோ மேலானது. காலத்தையும் வருகையையும் பணத்துக்கு அப்பாற்பட்ட தகுதியாக அது கொள்கையளவிலேனும் ஒப்புக்கொள்கிறது. 2024 இன் இறுதியில் மான்செஸ்ரர் யுனைற்றட் கழகம் அங்கத்தவருக்கான எஞ்சிய சீட்டுகளைச் சிறுவருக்கும் ஓய்வூதியருக்கும்கூடச் சலுகையின்றி 66 பவுணாக உயர்த்தியமை, விலையின் கையில் பங்கீட்டை விட்டால் நடப்பது எது என்பதைக் காட்டிற்று.

குலுக்கலை முழுத் தீர்வாகக் கொள்வோரும் உளர். குலுக்கலுக்கு நாமும் மாறானவரல்லேம். ஆயின் குடத்துள் ஓலையிடுமுன் எவருடைய பெயரை ஓலையில் எழுதுவது என்ற கேள்வி இருக்கிறதே. உத்தரமேரூர்க் குடவோலைக்கும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையோரே தகுதி பெற்றனர். சந்தா கட்டியோர் மட்டுமே பங்குபற்றும் குலுக்கலும் அத்தகையதே. வெளியூர்ச் சீட்டுகளிற் பெரும்பகுதியைப் புள்ளிக்கும், ஒரு பகுதியைப் புள்ளியற்ற இளையோருக்கும் உள்ளூர்வாசிகளுக்கும் குலுக்கல் மூலமும் ஒதுக்குதல். இரவுமுறை வேலை, பராமரிப்பு, நோய் ஆகியவற்றால் வரவியலாத ஆண்டுகளிற் புள்ளியைக் கழிக்காது நிறுத்தி வைத்தல். எத்தனை சீட்டுகள் விளம்பரதாரருக்கும் விருந்தினருக்கும் போகின்றன என்பதைப் போட்டிதோறும் பகிரங்கப்படுத்தல் - இவை நடைமுறைச் சாத்தியமானவையே. கடைசியாகக் கூறியதே முதன்மையானது. பங்கிடப்படாமல் மேலேயே எடுத்துவைக்கப்படும் பகுதி எவ்வளவு எனத் தெரியாதபோது, எஞ்சியதைப் பங்கிடுவதில் இரசிகர் தம்முள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொள்வதே மிஞ்சுகிறது. வெளியூர்ப் பயணத்தைத் தவறவிடாத முதியவரும் ஒருமுறையேனும் போகத் துடிக்கும் இளைஞனும் எதிரிகளாகின்றனர். சீட்டைத் தட்டுப்பாடாக்கியவர் நடுவராக வீற்றிருக்கின்றனர்.

ஜேர்மனியில் 1998 முதல் நடைமுறையிலுள்ள '50+1' விதி, கழகத்தின் வாக்குரிமையிற் பெரும்பான்மையை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அங்கத்தவரிடமே விடுகிறது. அங்கும் டோட்முண்டின் தென்மேடைக்கு இடம் கிடைப்பது எளிதன்று. தட்டுப்பாட்டை உடைமைமாற்றம் மட்டும் நீக்கிவிடாது. ஆனால் அங்கே அங்கத்தவர் என்பவர் வாக்குரிமை உடையவர். இங்கிலாந்தின் பெருங் கழகங்களில் அதே சொல் சந்தா கட்டிய வாடிக்கையாளரைக் குறிக்கிறது. பங்கீட்டு விதி எதுவாயினும் அதனை இயற்றுபவர் யார் என்பதில் இவ்வேறுபாடு துலங்குகிறது.

2025 யூலையிற் சட்டமான உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் இங்கிலாந்தில் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரை ஏற்படுத்தியுள்ளது. நுழைவுச்சீட்டு விலையை மாற்றுமுன் கழகங்கள் இரசிகரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. கலந்தாலோசிப்பது வேறு, தீர்மானிப்பது வேறு. கலந்தாலோசனை மேசையிலே விலையுடன் புள்ளி விதிகளையும் விருந்தினர் ஒதுக்கீட்டையும் வைக்க இரசிகர் அமைப்புகள் இனி எவ்வளவு அழுத்தங் கொடுக்கும் என்பதிலேயே அச்சட்டத்தின் பயன் தங்கியிருக்கிறது.